திரையும் ஏரிக்கரையும்

கார்த்திகை மாதத்து மாலையொன்றில், விழுப்புரம் மாவட்டக் கெடார் வட்டாரத்தின் ஏரிக்கரைகளுள் ஒன்றில் நின்று பார்த்தால், நிரம்பிய நீரின்மேல் காற்று சிற்றலைகளை எழுப்பிச் செல்வதைக் காணலாம். பனையோலைகள் சலசலக்கும், நீர்க்காகம் ஒன்று மூழ்கி, எதிர்பாராத வேறோர் இடத்தில் தலைதூக்கும். அதே கரையில், பள்ளி விட்டு வந்த மாணவர் ஒருவர் கைப்பேசியில் காணொலிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் நாம் ஓய்வு என்றே சொல்கிறோம். ஆனால் மனத்திற்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர், 1989இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விளக்கினர். கணக்குப் போடும்போதும் பாடம் படிக்கும்போதும், இடையூறுகளை விலக்கி நாமே முயன்று கவனத்தைச் செலுத்துகிறோம். நெடுநேரம் உழைத்த தசையைப் போல இக்கவனமும் தளரும். அப்போது எரிச்சல் மிகும், பிழைகள் பெருகும், படித்த வரியையே மீண்டும் மீண்டும் படிக்க நேரும். அலை, மேகம், இலையசைவு போன்றவையோ முயற்சியின்றியே கண்ணை ஈர்ப்பவை. எனினும் அவை மனத்தை முழுதாகப் பற்றிக்கொள்வதில்லை. பிற எண்ணங்கள் வந்துபோக இடம் விடுகின்றன. இதனை அவர்கள் மென்மையான ஈர்ப்பு என்றனர். அவ்வேளையில்தான் களைத்த கவனம் இளைப்பாறுகிறது.

கைப்பேசியும் ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் வன்மையாக ஈர்க்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை, இதைப் பார்ப்பதா, அடுத்ததற்குச் செல்வதா என்று முடிவெடுக்கச் செய்கிறது. படித்துக் களைத்தவர் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்த பின்னும் களைப்புடனேயே எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. எண்களின் வரிசையைக் கேட்டு, அதனைத் தலைகீழாகச் சொல்லும் தேர்வு பங்கேற்றவர்களுக்கு வைக்கப்பட்டது. பின்னர் அவர்கள் ஒரு முறை மரங்கள் நிறைந்த பூங்காவிலும், மற்றொரு முறை நகரின் பரபரப்பான தெருக்களிலும் நடந்துவந்தனர். பூங்காவில் நடந்துவந்த பின் அவர்களது தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. கடுங்குளிரில் நடந்து, அந்நடையை அவ்வளவாக விரும்பாதவர்களுக்கும் அப்பயன் கிட்டியது என்பதே இதில் வியப்பு! மகிழ்ச்சி வேறு, இளைப்பாறுதல் வேறு என்பது இதனால் புலனாகிறது.

கண்ணின் கதையும் இத்தகையதே. இயல்பாக நிமிடத்திற்கு 15 முதல் 20 முறை இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதனினும் மிகக் குறைவாகவே இமைக்கிறது. அதனால் வறண்டு உறுத்துகிறது. அருகில் உள்ளதை நோக்கக் கண்ணின் உள்தசை இறுக வேண்டும். ஏரியின் மறுகரையை நோக்கும்போது அது தளர்ந்து ஓய்வு கொள்ளும். தைவானில் 2010 முதல் பள்ளி மாணவர்கள் நாள்தோறும் 120 நிமிடங்களை வெளியில் கழிக்க ஊக்குவிக்கப்பட்டனர். பல ஆண்டுகளாக ஏறிவந்த பார்வைக் குறைபாட்டின் விகிதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது.

இதற்கென உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல வேண்டியதில்லை. இம்மாவட்டத்தின் வழிகளே ஒருகாலத்தில் காட்சிகளால் அறியப்பட்டவை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அவனிடம் செல்லும் பாணனுக்கு நெய்தல், முல்லை, மருதம் என நிலங்களைக் காட்டியே வழி சொல்கிறது. அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். இன்று அவ்வழியே பேருந்தில் செல்வோருள் சன்னலுக்கு வெளியே பார்ப்பவர் எத்தனை பேர்?

மரக்காணத்தை அடுத்துக் கடலோரம் விரிந்துகிடக்கும் கழுவெளி, 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடைய சதுப்புநிலம். 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கியதும் வடபுலத்திலிருந்து வலசைப் பறவைகள் அங்கு வந்திறங்குகின்றன. அவற்றைக் காணச் செல்வோர் முதலில் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கவே முனைவர். தொலைவிலுள்ள பறவை திரையில் ஒரு புள்ளியாகவே தெரியும். கைப்பேசியைப் பையில் இட்டு, கரையில் அசையாமல் அமர்ந்திருந்தால், சற்று நேரத்தில் உள்ளான்கள் சேற்றைக் கிளறியபடி தாமே அருகில் வரும்.