நீரின் மூச்சை அளக்குங் கோல்

அயடீன் கரைசலில் மாப்பொருள் சில துளியிட்டு, நீலநிறம் மறையுங் கணத்தை எதிர்நோக்கிக் கண்ணிமையாது நின்ற இரசாயனகூட நாள்களைப் பழைய மாணவர் எளிதில் மறந்திரார். நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை அளத்தற்கு அங்கேரிய அறிஞர் விங்கிளர் 1888 ஆம் ஆண்டில் வகுத்த முறையும் இந்நிறமாற்றத்திலேயே முடிவது. 1956 இல் அமெரிக்கரான கிளார்க் தாம் ஆக்கிய மின்வாயை வெளியிட்டபின், நீரினுள் ஒரு கோலை இட்ட சில நிமிடத்தில் அவ்வளவைப் பெறுதல் கைகூடிற்று. ஆயினும் எளிதிற் கிடைத்த எண் யாவும் மெய்யெண் ஆகா. இதனை நாம் ஒரு மீன்குளக்கரையிற் கற்றோம்.

இரவு முழுவதும் பாசியும் மீனும் ஒருங்கே சுவாசிப்பதால், குளத்து ஒட்சிசன் மிகக் குறைவது விடியற்போதிலாகும். அவ்வேளையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவித்தன. கருவியோ இலீற்றருக்கு 6 மில்லிகிராம் எனக் காட்டிற்று. மீனை நம்பாது கருவியை நம்பினோம். வேறு நோயாகுமென்று குளத்துக்குரியவருக்குக் கூறினோம். வெயிலேறுமுன் மீன்கள் பல இறந்து மிதந்தன. பின்னர்க் கோலை ஆராய்ந்தபோதே சவ்வில் ஒரு சிறு கீறல் புலப்பட்டது.

கோலின் அமைப்பை அறிந்தால் இப்பிழையின் காரணம் விளங்கும். அதன் நுனியிற் பொன் அல்லது பிளாற்றினக் கதோட்டும், அருகே வெள்ளி அனோட்டும் உள. இரண்டையும் பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசல் நனைத்து நிற்கும்; மெல்லிய சவ்வொன்று அனைத்தையும் மூடும். ஒட்சிசன் சவ்வூடு புகுந்து கதோட்டிற் றாழ்த்தப்படும்போது எழும் மின்னோட்டமே அளவாகக் காட்டப்படுகிறது. சவ்வு கிழியின் புறநீர் உட்புகும். மின்னோட்டம் பொய்யாக உயரும். சவ்வின்மேல் அழுக்குப் படியின் எண் பொய்யாகத் தாழும். கெட்ட கோல் வாய்மூடி நில்லாது, பொய்யுரைக்கும்.

ஆதலின் ஆயத்தஞ் செய்வோர் கவனிக்கவேண்டியவை சில உள. மூடியிற் புதுக்கரைசலை நிரப்பி, மெல்லத் தட்டிக் குமிழிகளை அகற்றுக. சவ்வு சுருக்கமின்றி இழுபட்டு நிற்றல் வேண்டும். விரல் அதிற் படலாகாது. மின்னூட்டியபின் 10 முதல் 15 நிமிடம் பொறுத்திருக்க. பின்னர்ச் சிறிது நீருள்ள போத்தலில், நீரைத் தொடாவண்ணம் ஈரக்காற்றிற் கோலை நிறுத்தி, நூறு வீத நிலைக்குத் திருத்துக. கடன்மட்டத்தில் நன்னீரின் நிரம்பிய அளவு 25 பாகை செல்சியசில் இலீற்றருக்கு 8.26 மில்லிகிராமும், 30 பாகையில் 7.56 மில்லிகிராமுமாகும். உவர்நீரில் இது மேலுங் குறையுமாதலின், கடனீரேரியில் அளப்போர் உப்பளவையுஞ் சேர்த்துக் கணித்தல் அவசியம். பூச்சிய நிலையைச் சோதிக்கச் சோடியஞ் சல்பைற்றுக் கரைசல் போதும். சோதித்தபின் கோலை நன்கு கழுவுக.

அளக்கும்போது கோலை மெல்ல அசைத்தல் வேண்டும். அது தன்னருகேயுள்ள ஒட்சிசனைத் தானே உண்பதால், அசையாத நீரில் எண் படிப்படியாக இறங்கும். வேலை முடிந்தபின் ஈரப்பஞ்சுள்ள உறையில் வைக்க. நெடுநாள் வைப்பதாயின் கரைசலை அகற்றிக் கழுவி உலர்த்துக. சேற்றிலெழும் ஐதரசன் சல்பைட்டு சவ்வூடு சென்று வெள்ளியைக் கருக்கும். அதனை நீர்த்த அமோனியாக் கரைசலில் ஊறவைத்துத் தூய்மையாக்கலாம்.

இந்நாளில் ஒளிர்வினால் அளக்கும் கோல்களும் வழக்கில் உள. அவற்றுக்குக் கரைசல் வேண்டியதில்லை. பேணுதலும் திருத்துதலும் அவற்றுக்கும் வேண்டியனவே. விஞ்ஞானகூடத்திற் பயிலும் இளைஞருக்கு நாம் கூறுவது ஒன்றே: எண்ணைக் குறிப்பதற்குமுன் சவ்வைப் பாருங்கள், அதன்பின் மீனையும் பாருங்கள். இரண்டுங் கருவியோடு மாறுபடின், சந்தேகிக்கவேண்டியது கருவியையே.