சுவான்சோவில் நான்கு நாள்: சீன நகரில் ஒரு தமிழ்த் தடம்

சீனாவுக்குச் சுற்றுலா என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெய்ஜிங், ஷாங்காய், சீனப் பெருஞ்சுவர் ஆகியவைதாம். சென்ற பருவ விடுமுறையில் நானும் என் அறைத்தோழியும் தேர்ந்தெடுத்ததோ சுவான்சோ என்னும் துறைமுக நகரம். பலரும் இதைக் குவாங்சோ என்று எண்ணிவிடுகிறார்கள். அது வேறு ஊர். சுவான்சோ, தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியன் மாநிலத்தின் கடற்கரையில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் மலேசியர்கள் குறுகிய காலப் பயணமாகச் சீனா செல்ல விசா தேவையில்லை என்பதால், மாணவர் கைக்கு எட்டும் பயணம்தான்.

என் தோழி பினாங்குக்காரி, வீட்டில் ஹொக்கியன் பேசுபவள். அவளுடைய முப்பாட்டனார் இந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறியவர். அவளுக்கு இது பூர்வீகம், எனக்கு வெறும் சுற்றுலா என்று எண்ணிக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் மேற்குத் தெருவில் 'மியென்சியென்ஹு' கிடைக்கும். நூல்போன்ற கோதுமைச் சேமியாவைக் கஞ்சிபோல் குழைத்து, சிப்பி, இறைச்சி எனக் கேட்பதைப் போட்டுத் தருவார்கள். தொட்டுக்கொள்ள, நம் ஊரில் சாக்கோய் என்கிறோமே, அதே எண்ணெய்ப் பலகாரம்! நம் போப்பியாவும் சிப்பி ஆம்லெட்டும் இங்கிருந்து போனவர்களின் உணவே. கடற்புழுவை வேகவைத்து உறையவைத்த 'தூசுன்தோங்' என்னும் கூழ்க்கட்டி இவ்வூரின் பெருமை. தோழி நான்கு தின்றாள். நான் ஒன்றோடு கையெடுத்துக் கும்பிட்டேன். மாட்டிறைச்சிச் சூப்பும் இங்கே பெயர்பெற்றது. அதை உண்ணாதவர்கள் ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு உட்காருங்கள். தோழியின் ஹொக்கியன் கேட்டதும் கடைக்காரப் பாட்டிகளின் முகம் மலர்ந்தது. நூறாண்டுக்கு முன் கடல் கடந்த மொழி, திரும்பி வந்து விலை பேசியது.

இரண்டாம் நாள் கைய்யுவான் கோயிலுக்குப் போனோம். கி.பி. 686இல் நிறுவப்பட்ட பௌத்தக் கோயில் அது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கற்கோபுரங்களைப் படம் பிடித்துவிட்டு, பெரிய மண்டபத்தின் பின்புறம் சென்றேன். அங்கே 16 பட்டைகள் கொண்ட இரண்டு கல்தூண்கள். அவற்றில் நரசிம்மர், முதலை பிடித்த யானையைக் காக்க வரும் திருமால், காளியன் மேல் ஆடும் கண்ணன். பத்துமலைக்கும் பத்துகாஜாவுக்கும் போய்வந்த கண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இவை எப்படி இங்கே வந்தன? சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசுக்குத் தூதுக்குழுக்களை அனுப்பியதைச் சீன ஏடுகளே குறித்துள்ளன. தூதரோடு வணிகரும் வந்தனர். தமிழகக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் நம் கடாரத்தையும் மலாக்கா நீரிணையையும் கடந்து, பருவக்காற்றைப் பிடித்து இத்துறைமுகம் சேர்ந்தன. மார்க்கோ போலோ 'ஸைத்தூன்' என்று வியந்து எழுதிய துறைமுகம் இதுவே. இங்கே தங்கிய தமிழ் வணிகர்கள் தமக்கெனச் சிவன் கோயிலும் எழுப்பினர். 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அதற்குச் சான்று. சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனாவை ஆண்ட கானின் உடல்நலத்துக்காக, கானின் ஆணைப்படி இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. அப்போது ஆட்சியில் இருந்தவர் குப்ளாய் கான். கல்வெட்டு தமிழில் தொடங்கிச் சீன எழுத்தில் முடிகிறது.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரில் கலகம் மூண்டது. பின் வந்த மிங் அரசு கடல் வாணிகத்தைக் கட்டுப்படுத்தியது. அயல்நாட்டு வணிகர் கூட்டம் கலைந்தது, கோயில் அழிந்தது. அதன் கற்கள் நகர மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் போயின. கைய்யுவான் தூண்களும் அப்படிப் போனவையே. 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது செதுக்குக் கற்கள் வெளிப்பட்டன. ஊ வென்லியாங் என்னும் உள்ளூர் ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1957இல் நூலாகவும் வெளியிட்டார். இன்று இவ்வூரின் கடல்வரலாற்று அருங்காட்சியகத்தில் அத்தகைய கற்களைக் காணலாம். 2021இல் இந்நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அன்றிரவு விடுதியில், தோழியிடம் அந்தக் கல்வெட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். "நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே, வாசித்துக் காட்டு" என்றாள். கடைசி வரியின் சீன எழுத்துகள் சிலவற்றை அவள் உடனே சொல்லிவிட்டாள். நான் 'க', 'ம', 'ப' என்று எழுத்துக் கூட்டினேன். புள்ளியில்லாத அந்தப் பழைய எழுத்தில் ஒரு சொல்லைக்கூட முழுமையாகப் பிடிக்க முடியவில்லை. பழைய எழுத்து யாருக்கும் கடினம்தான் என்று சமாளித்தேன். உண்மை அது மட்டுமன்று. மூன்றாம் படிவத்தோடு நான் தமிழை விட்டுவிட்டேன். எஸ்.பி.எம்.மில் 'ஏ' கிடைக்காதோ என்ற பயம். தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு என்பதால் பேருந்துப் பிரச்சினை. அம்மா எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை.

நம் முன்னோர் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தோம். அது நம் குடும்பங்களின் கதை. அதில் வெட்கம் எதுவுமில்லை. ஆனால், அதற்கும் 600 ஆண்டுகளுக்கு முன் இதே கடலில் தமிழர்கள் கப்பலில் போய், அயல்மண்ணில் தம் மொழியைக் கல்லில் பொறித்தார்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத சீன ஆசிரியர் ஒருவர் அக்கோயிலின் கற்களைக் காப்பாற்றினார். நம் எழுத்தை வாசிக்கும் வேலை மட்டும் நமக்கு மிச்சமிருக்கிறது.

நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் சுவான்சோ சென்று வாருங்கள். நான்கு நாள் போதும். கைப்பேசிவழி பணம் செலுத்தும் வசதியை இங்கேயே செய்துகொள்ளுங்கள். கைய்யுவான் கோயிலில் மண்டபத்தின் பின்புறம் செல்ல மறவாதீர்கள். பலர் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நான் இந்தப் பருவத்தில் நூலகத்திலிருந்து கல்வெட்டு எழுத்துகள் பற்றிய நூல் ஒன்றை இரவல் எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் உடன் அமர்ந்து படிக்க யாரேனும் வந்தால் மகிழ்வேன்.