செய்திக்கும் சொந்தத் தறி

சென்னிமலையில் போர்வை நெய்யும் அங்கத்தினருக்கும், தோட்டத்தில் மஞ்சள் வைத்திருக்கும் அங்கத்தினருக்கும் சந்தை நிலவரமும் அரசாங்க அறிவிப்புகளும் உரிய காலத்தில் தெரிந்தாக வேண்டும். அதற்காகப் பல இணையதளங்களைத் தினந்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண் உழைப்பு. இதைக் குறைப்பதே செய்தியோடை. ஒரு தளம் தான் புதிதாக வெளியிடுபவற்றின் தலைப்பையும் இணைப்பையும் சீரான பட்டியலாகத் தருவதற்கு அப்பெயர். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் நாளிதழ்கள் பலவும் ஓடை வெளியிடுகின்றன. பல ஓடைகளைத் திரட்டி ஓரிடத்தில் காட்டும் மென்பொருளை ஓடைப் படிப்பான் என்கிறோம்.

பிறர் நடத்தும் படிப்பான் போதாதோ எனக் கேட்கலாம். கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கூகுள் ரீடரை உலகெங்கும் பலர் இலவசமாக உபயோகித்தனர். 2013 ஜூலை 1இல் நிறுவனம் அதை மூடியது; எதிர்ப்பு எழுந்தும் முடிவு மாறவில்லை. கூலித் தறிக்கும் சொந்தத் தறிக்கும் உள்ள வேற்றுமையை நாம் அறிவோம்.

மினிஃப்ளக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு விலையில்லை. சங்கத்தின் பழைய கணினியிலோ, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினியிலோ லினக்ஸ் அமைத்து நிறுவலாம். அது இரவும் பகலும் ஓடி, குறித்த இடைவெளியில் செய்திகளைத் தானே சேர்த்து வைக்கும்.

கொள்முதலுக்காக வெளியூர் சென்றவர் கைபேசியில் அதைப் படிப்பது எவ்வாறு? படிப்பானை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தால், அந்நியரும் வந்து கதவைத் தட்டுவர். ஆகவே வயர்கார்டு என்னும் மறைகுறியீட்டுப் பாதை உத்தமம். சாவி பெற்ற கைபேசிக்கே அது வழிவிடும். மற்றவர் தட்டினால் பதிலே வாராது. நம் நாட்டில் பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியை அநேகர் பங்கிட்டுக்கொள்வதால், வெளியிலிருந்து நேரே நம் கணினியை அடைய இயலாது. அப்போது வாடகைக்குச் சிறு வழங்கி ஒன்றை எடுத்து, நம் கணினியே அதனுடன் முதலில் தொடர்பு கொள்ளும்படி அமைக்க வேண்டும். கைபேசியும் அவ்வழியே வந்து சேரும்.

ஓடை வெளியிடாத தளத்தின் செய்தி இதில் வாராது என்பதையும் நினைவிற்கொள்க. மின்சாரம் தடைப்பட்டால் கணினி நின்றுவிடும், யூபிஎஸ் அவசியம். மென்பொருளைப் புதுப்பித்து, ஓடைப் பட்டியலின் நகலை வேறிடத்தில் பத்திரப்படுத்தல் வேண்டும். பட்டியல் கையிலிருந்தால் எந்தப் படிப்பானுக்கும் மாறிக்கொள்ளலாம்.

சொந்தத் தறியைப் பழுது பார்ப்பதும் நம் பொறுப்பே. இளைஞர் இருவர் இப்பொறுப்பை ஏற்றால், சங்கம் முழுவதும் பயன் பெறும். ஒருவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர் கவனித்துக்கொள்வார்.