பதினெட்டு கிலோ 'ஒருவேளை'!

சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் நான் இறங்கிவிட்டேன். என் சூட்கேஸ் இறங்கவில்லை.

கதவில் குறுக்காக மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "அட, தள்ளுய்யா!" என்று விட்ட உதையில் பெட்டி பிளாட்பாரத்தில் வந்து விழுந்தது. அதன் ஒரு சக்கரம் மட்டும் செங்கோட்டைக்குப் பயணத்தைத் தொடர்ந்தது.

மொத்தமே மூன்று நாள் பயணம் சார். நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். மறுநாள் சதுரகிரி மலை. கடைசி நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில், அப்படியே பால்கோவா. இதற்குத்தான் அந்தப் பெட்டி.

மூன்று சக்கரத்தில் அதை இழுத்துக்கொண்டு போனபோது நண்பனின் அப்பா வாசலில் நின்றிருந்தார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"வாங்க தம்பி... இந்த ஊருக்கு டிரான்ஸ்பரா?"

அவர் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இப்போது வீட்டு முன்னாலேயே மளிகைக்கடை. எதையும் எடை போட்டுப் பார்க்காமல் மனுஷருக்குத் தூக்கம் வராது. காபி குடித்து முடிப்பதற்குள் என் பெட்டி அரிசி மூட்டைத் தராசில் ஏறிவிட்டது. 18 கிலோ 200 கிராம்!

"காலிப் பெட்டியே நாலு கிலோவுக்கு மேல வருதேப்பா. புளியை விட டப்பா கனமா இருக்கே" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மூன்று ஜீன்ஸ், ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. டர்க்கி டவல் அரைக் கிலோவுக்கு மேல். அயர்ன் பாக்ஸ் ஒரு கிலோ (ஒருவேளை சட்டை கசங்கினால்...). ஷூ இன்னொரு ஜோடி (ஒருவேளை முதல் ஜோடி நனைந்தால்...). ஸ்வெட்டர் (ஒருவேளை குளிர் அடித்தால்...). மே மாதம் ராஜபாளையத்தில் ஸ்வெட்டரைப் பார்த்த கடைப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான்.

நான் பி.காம். படித்தவன். கணக்கில் வாராக்கடனுக்கு என்று ஓர் ஒதுக்கீடு வைப்போம். அது லாபத்தில் ஒரு சின்னப் பகுதியாக இருந்தால் கம்பெனி பிழைக்கும். என் பெட்டியில் முதலே இல்லை, எல்லாம் ஒதுக்கீடு! ரயில்வே ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை இலவசமாக அனுமதிக்கிறது. வாஸ்தவம். அனுமதிக்கிறார்களே தவிர, யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ரிசப்ஷனுக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று விதவிதமாக உடுத்தினேன். பிறகு வீடியோ பார்த்தேன். நான் வருவது இரண்டே இடத்தில். ஒன்றில் முதுகு, இன்னொன்றில் இலைக்கு மேல் குனிந்த தலை.

சிரிப்பெல்லாம் அதுவரைதான்.

சதுரகிரிக்கு வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறையிலிருந்து ஏற வேண்டும். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்கள். மேலே சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் சன்னதிகள் வரை மூன்று நான்கு மணி நேர ஏற்றம். வழியெல்லாம் பாறை, ஓடை. நண்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்தான். நான் ஜீன்ஸ். முதுகில் பை. அதற்குள் மாற்றுத் துணி இரண்டு செட், டர்க்கி டவல், குடை, இத்யாதி. வீட்டில் போட்ட எடை, 7 கிலோ.

கோரக்கர் குகைப் பக்கம் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தலையில் அரிசி மூட்டையோடு என்னைக் கடந்து போனார். மேலே சாமான் கொண்டுபோகும் சுமைக்காரர். மடித்துக் கட்டிய கைலி, தோளில் மெலிசான ஒரு குத்தாலத் துண்டு. அவருடைய சொந்த லக்கேஜ் அவ்வளவுதான். மூட்டையெல்லாம் மற்றவர்களுடையது.

தரிசனம் முடிந்து இறங்கும்போது மேற்கே கறுத்தது. எங்களுக்கு நாலு தூறல்தான். ஆனால் மேலே எங்கேயோ கொட்டியிருக்கிறது. காலையில் கணுக்கால் நனைத்த ஓடையில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர், செம்மண் நிறத்தில். பத்துப் பதினைந்து பேர் கரையில் நின்றோம். சுமைக்காரர் வெறுங்கையோடு இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் என் பையைப் பார்த்தார்.

"தம்பி, பையை ரெண்டு தோள்லயும் மாட்டாதீங்க. ஒரு தோள்ல தொங்க விடுங்க. வழுக்குச்சுன்னா கழட்டி விட்ருங்க. பை போனாப் போவுது."

"பேண்ட்டைச் சுருட்டிக்கட்டுமா?"

"அது எங்க சுருளும்? கோணிச்சாக்கு மாதிரில்ல இருக்கு!"

உண்மைதான், முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. நாலு எட்டு வைத்ததும் ஜீன்ஸ் தண்ணீர் குடித்து, இரண்டு காலிலும் யாரோ தொங்குவது மாதிரி இழுத்தது. ஐந்தாவது எட்டில் பாறை வழுக்கியது. பை முழங்கைக்கு நழுவி என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை இறுக்கிப் பிடித்தேன்!

"விடுங்கய்யா அதை!" என்று ஒரு சத்தம். துண்டின் ஒரு முனை என் மேல் வந்து விழுந்தது. பையை விட்டேன், துண்டைப் பிடித்தேன். கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பின்னால் வந்தவர்களை வனத்துறையினர் தண்ணீர் வடியும் வரை அந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்களும் நின்றிருக்க வேண்டும். 2015 மே மாதம் இதே சதுரகிரி ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்திருக்கிறார்கள். மலை ஓடைக்கு நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கிறதா என்பது கணக்கே இல்லை.

பை போனது போனதுதான். அதற்குள் இருந்த எதுவும் இன்றைய தேதி வரை எனக்குத் தேவைப்படவில்லை.

அடிவாரத்தில் டீ குடித்தோம். சுமைக்காரர் கைலியை முறுக்கிப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டார். இரண்டாவது டீ வருவதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. என் ஜீன்ஸ் மறுநாள் காலையிலும் இடுப்புப் பட்டியிலும் பாக்கெட்டிலும் ஈரமாகவே இருந்தது.

நண்பனின் அப்பா அதைக் கொடியில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாடம் எடுத்தார். "நூலுக்கு நம்பர் இருக்கு தம்பி. ஒரு பவுண்டு எடையில 840 கெஜக் கண்டு எத்தனை வருதோ, அதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. இந்தப் பேண்ட் நூலெல்லாம் ஏழு, பத்து நம்பர். நான் கட்டியிருக்கிற வேட்டி எம்பது. எது சீக்கிரம் காயும்?"

"வேட்டி."

"இன்னொண்ணு நெசவு. பக்கத்துல சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுறாங்கள்ல... நூலுக்கு நூல் இடைவெளி விட்டிருக்கும். காத்துப் போகும், ஈரம் நிக்காது. துண்டும் அப்படித்தான் இருக்கணும். உங்க டவல் இருக்கே, அது துண்டு இல்ல, மெத்தை."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. எத்தனை நாள் பயணம் என்று எண்ணித்தான் இத்தனை வருஷமாகத் துணி எடுத்து வைத்தேன். எண்ண வேண்டியது நாளை அல்ல, துணி காயும் நேரத்தை. ராத்திரி துவைத்தால் காலையில் காய்கிற சட்டை இரண்டு இருந்தால் மூன்று நாளும் ஓடும், முப்பது நாளும் ஓடும்.

காய வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிழிந்த சட்டையைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, இரண்டு பேர் இரண்டு முனையிலும் முறுக்க வேண்டும். மிச்ச ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும். தனியாகப் போகிறவர்கள் ஏறி மிதிக்கலாம். ஆபீஸ் வேலையாகப் போகிறவர்களுக்குக் காட்டனில் கொஞ்சம் பாலியஸ்டர் கலந்த சட்டை நல்லது, கசங்காது. முழு பாலியஸ்டர் இன்னும் சீக்கிரம் காயும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். குற்றாலச் சாரல் சீசனில் போகிறவர்கள் மட்டும் மூன்றாவதாக ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ராத்திரியில் எதுவும் காயாது.

ஒரு நாலு முழ வேட்டி அவசியம். கோயிலுக்கு உடை, ரயிலில் போர்வை, லாட்ஜில் சந்தேகமான மெத்தைக்கு விரிப்பு. பெண்கள் இந்த ரகசியத்தை என்றைக்கோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். இங்கே பக்கத்தில் தளவாய்புரம் வட்டாரத்தில் தைக்கிற காட்டன் நைட்டியை மடித்தால் ஹேண்ட்பேக்கில் அடங்கிவிடும்.

கடைசி நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலைக் கோபுரத்துக்குக் கீழே நண்பனிடம் கடன் வாங்கிய வேட்டியில், வெறுங்கையோடு நின்றேன். இங்கிருந்து வருஷா வருஷம் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறது. அழகர் அதை அணிந்துதான் வைகையில் இறங்குகிறார். பெருமாள் வீட்டு விசேஷத்துக்கே இங்கிருந்து போவது மாலைதான், சூட்கேஸ் இல்லை!

வெளியே வந்து பால்கோவா இரண்டு கிலோ வாங்கினேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. திரும்பும்போது பையில் இடம் இருந்தால்தானே இதெல்லாம் ஏறும்?

ராத்திரி ரயிலுக்கு ஒரு துணிப்பையோடு கிளம்பினேன். தராசில் போட்டு, பால்கோவா உள்பட 4 கிலோ 100 என்று நண்பனின் அப்பா சர்ட்டிபிகேட் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

"தம்பி, பெட்டி?" என்றார் நண்பனின் அம்மா.

"அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேம்மா."

அதற்கப்புறம் இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். பெட்டி அங்கேதான் இருக்கிறது. அம்மா அதில் கூழ் வடகம் போட்டு வைத்திருக்கிறார்கள். எறும்பு ஏறுவதில்லையாம்.