நிலத்தைப் படிக்கும் கல்வி

நிலத்தை வைத்தே வாழ்வை வகுத்தவர் தமிழர். முதல், கரு, உரி என்னும் மூவகைப் பொருளுள் முதற்பொருளாகத் தொல்காப்பியர் கொண்டவை நிலமும் பொழுதுமே ஆகும். மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருளாக அவற்றின்பின் வந்தன. நிலத்தின் இயல்பை அறிந்த பின்னரே அதில் வாழும் மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இவ்வைப்பு முறை உணர்த்தும் கருத்து எனலாம். இன்று பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பாடமாகப் பயிற்றப்பெறும் ஒரு துறையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நடைபோடுகிறது. 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' எனப்படும் அத்துறையை நாம் இங்கு 'நிலத்தோற்றக் கட்டடக்கலை' என வழங்குவோம். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகர்களும் இக்கல்வியை ஏன் நாட வேண்டியுள்ளன என்பதை ஈண்டுக் காண்போம்.

துறையின் தோற்றம்

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கிற்காக 1858ஆம் ஆண்டில் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் அளித்த திட்டமே இத்துறையின் தொடக்கமாகப் பலராலும் சுட்டப்பெறுகிறது. 1900ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதனைத் தனிப் பாடமாக்கியது. 1969இல் வெளிவந்த 'டிசைன் வித் நேச்சர்' என்னும் நூலில், இயன் மெக்ஹார்க் என்னும் பேராசிரியர் மண், நீரோட்டம், சரிவு, தாவரம் ஆகியவற்றைத் தனித்தனி வரைபடமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை விளக்கினார். எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை அவ்வடுக்கே காட்டிவிடும்.

நம் நாட்டில் தில்லியில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இக்கல்வியின் முன்னோடியாகத் திகழ்கிறது. அங்கு நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியவர் முகமது ஷஹீர். ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள சுந்தர் நர்சரி என்னும் 90 ஏக்கர்ப் பூங்காவை வடிவமைத்தவர் அவரே. 2015இல் அவர் மறைந்தார். பூங்கா 2018இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

தோட்ட வேலையா?

"செடி நடுவதற்கு முதுகலைப் பட்டம் எதற்கு?" எனப் பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. வினா இயல்பானதே. ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தை ஆகா கான் அறக்கட்டளையினர் 1997 முதல் 2003 வரை சீரமைத்தனர். அப்போது அங்குள்ள நீர்க்கால்களை 40 மீட்டருக்கு 1 செ.மீ. என்னும் அளவில் சரிவு அமைத்துப் புதுப்பித்தனர். கண்ணுக்குப் புலப்படாத அச்சரிவு தவறினால் நீர் நின்றுவிடும், தோட்டமும் பாழாகும். மொகலாயத் தோட்டத்தில் முதலில் வகுக்கப்படுவது நீரின் வழியே. மலர்கள் அதன் பின்னரே இடம்பெறுகின்றன.

ஆகவே இத்துறையின் மாணவர் முதலில் கற்பவை மண்ணியல், நீரியல், சூழலியல், தாவரவியல், நில அளவை ஆகியனவாம். பின்னர் நிலத்தின் மேடு பள்ளங்களைத் திருத்துதல், மழைநீர் வடிகால் அமைத்தல், மரத்தேர்வு, தோட்டக்கலை வரலாறு முதலியவற்றைப் பயில்கின்றனர். ஒவ்வொரு பருவத்திலும் ஓர் உண்மையான நிலத்தை எடுத்துக்கொண்டு வடிவமைத்தல் கட்டாயம். இறுதியில் ஆய்வேடு.

தாம்பரத்தின் நிலம்

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் விழும் அந்த மழை ஏறத்தாழ 1,09,000 லிட்டர் ஆகும். மண்ணும் மரமும் உள்ள மனை அதில் ஒரு பங்கையேனும் உறிஞ்சும். முற்றம் முழுதும் சிமெண்டு பூசிய மனையோ ஏறத்தாழ அனைத்தையும் தெருவில் தள்ளிவிடும். ஆயிரம் மனைகள் அவ்வாறு தள்ளினால் தெரு ஆறாகாமல் என் செய்யும்?

அந்நீர் போகும் வழியும் அறியத்தக்கது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றை நாடுகிறது. கிழக்கே சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் பகுதிகளின் நீர், ஏரிக்குப் பின் ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணையை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஒரே ஊரின் நீர் இரு திசையில் பிரிகிறது. மேல் ஏரியின் கலங்கல் அடைபட்டாலும் கீழ் ஏரியின் வரத்துக்கால் வீட்டுமனையானாலும் துன்பம் நடுவில் உள்ளவர்க்கே. பள்ளிக்கரணையில் 1,248 ஹெக்டேர்ப் பரப்பு 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பெற்றமை ஆறுதல் தருவதாகும். ஆயினும் சதுப்பைக் காக்க, அதற்கு நீர் தரும் ஏரிகளையும் காத்தல் வேண்டும். செம்பாக்கம் ஏரியைத் தன்னார்வ அமைப்புகள் சீரமைத்தது இவ்வகையில் நல்ல முன்மாதிரி.

இங்கேதான் தமிழ்த் துறையினராகிய நமக்கும் பங்குண்டு. வரைபடங்கள் எல்லாவற்றையும் 'வாட்டர்பாடி' என ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. தமிழிலோ ஏரி வேறு, குளம் வேறு, தாங்கல் வேறு, கழுவெளி வேறு, மடுவு வேறு. மதகு, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால் என ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் உண்டு. பழைய ஆவணத்தில் 'ஓடைப் புறம்போக்கு' என்னும் சொல்லைக் கண்டு அதன் பொருளை உணரும் மாணவர், அங்கே நீர் ஓடிய வரலாற்றை உணர்ந்துவிடுவார். சொல் மறைந்தால் ஓடையும் மறையும்.

வளர்த்த காடு

நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது அவ்விடம் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர்தம் துணைவியார் ஆலிஸும் இருந்த செடிகொடிகளைப் போற்றியும் புதிய மரங்களை நட்டும் அவ்வளாகத்தைப் பேணினர். சுமார் 365 ஏக்கர்ப் பரப்புள்ள அவ்வளாகம் இன்றும் புறநகரின் பசும்போர்வையாக உள்ளது. அன்று ஒரே கையில் இருந்த நிலத்துக்கு ஆர்வமுள்ள இருவர் போதுமாயினர். இன்று நிலம் ஆயிரம் மனைகளாகப் பிரிந்துவிட்டது. தெருவையும் வடிகாலையும் பூங்காவையும் இணைத்துப் பார்க்கும் பயிற்சி பெற்றோர் தேவைப்படுகின்றனர். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்துக்கு இத்தேவை பன்மடங்கு.

கற்கும் வழி

இந்தியாவில் இம்முதுநிலைப் படிப்பு இரண்டாண்டுக் காலமுடையது. ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டம் பெற்றோரே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றனர். பி.ஆர்க். சேர்க்கைக்கு 'நாட்டா' தேர்வும், முதுநிலைக்கு 'கேட்' தேர்வும் துணைசெய்யும். தமிழகத்தில் முதுநிலைக்கெனப் பொது நுழைவுத் தேர்வும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் நிலத்தோற்றப் பிரிவு உள்ளது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் பெயர் பெற்றது. இளநிலைக் கட்டடக்கலையை வண்டலூர் கிரசென்ட் நிறுவனத்திலும் சென்னை மியாசி அகாடமியிலும் பயிலலாம். வெளிநாட்டில் ஹார்வர்டு முதலிய இடங்களில், பிற துறைப் பட்டதாரிகளுக்கென மூன்றாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. தாவரவியலும் புவியியலும் பயிலும் நம் மாணவர்க்கு இது நற்செய்தியாகும்.

சமுதாயத்தின் கடமை

மரம் நட்டு, அதன் பயனைப் பறவையோ மனிதரோ விலங்கோ நுகர்ந்தால், அது நட்டவர்க்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. நம் சமுதாயத்தின் பொறுப்பில் பள்ளிவாசல் முற்றங்களும் கபரஸ்தான்களும் கல்விக்கூட வளாகங்களும் உள்ளன. முற்றம் முழுதும் சிமெண்டு பூசுவதற்குமுன் மழைநீர் இறங்க எவ்வளவு மண் விடலாம் என ஒருவரைக் கேட்டால் என்ன? நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்த நீர் சாக்கடையில் கலவாமல் மர வேர்களுக்குச் செல்ல வழி அமைத்தால் என்ன? இவ்வினாக்களுக்கு அளவோடு விடை கூறவல்லவர் இத்துறை கற்றோரே.

ஆண்டுதோறும் நம் இல்லங்களில் உயர்கல்வி பற்றிய பேச்சு, கணினியிலும் மருத்துவத்திலும் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. ஓவியத் திறனும் செடிகொடியில் ஈடுபாடும் உள்ள மகனோ மகளோ வீட்டில் இருப்பின், பெற்றோர் இத்துறையையும் எண்ணிப் பார்ப்பாராக. சமுதாயப் பெரியோர் தம் கல்வி உதவித் தொகையில் ஓரிடத்தை இதற்கென ஒதுக்குவாராக. இந்த மண்ணையும் நீரையும் அமானிதமாகப் பெற்றுள்ள நாம், அவற்றை நலங்குன்றாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!