கத்திரிப்பூவுக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோ

வாருங்கள், சத்தமில்லாமல் வாருங்கள்! திருவையாற்றுப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லை. இன்னும் விடியவில்லை. டார்ச்சை இந்தக் காய்ந்த குச்சியில் அடியுங்கள். வயிற்றில் நீல வளையம் போட்ட தேனீக்கள், குச்சியைத் தாடையால் கவ்வியபடியே தூங்குகின்றன! கால் தொங்குகிறது, பிடி மட்டும் விடவில்லை. உடம்பெல்லாம் பனித்துளி. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் ஓரிடத்தில் நிற்காது.

நிஜ அளவுக்குப் படம் எடுக்கும்போது, எஃப்/11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் துல்லியமாக விழும். மூச்சு விட்டால் போதும், கண் மங்கி மீசை தெளிவாகிவிடும். டெல்டா காற்று வேறு சும்மா இருக்காது. அதற்குத்தான் செடியோரம் ஓர் ஈர்க்குச்சி. காம்பை அதோடு சேர்த்துத் துணி கிளிப். ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர், வெளிச்சம் மெத்தென்று விழ. பெரிய லென்ஸ் இல்லையா? பழைய 50 எம்எம் லென்ஸைத் திருப்பி மாட்ட ஒரு வளையம் போதும்.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்பட மேதை டி.என்.ஏ. பெருமாள், பிலிமைக் கழுவினால்தான் படம் விழுந்தது தெரியும் என்ற காலத்தில் சாதித்தவர். நமக்கு அந்த நொடியே திரையில் தெரிகிறது!

இதோ, வெயில் வந்தாயிற்று. கத்திரிப்பூவின் நடுவில் மஞ்சள் கூம்பு தெரிகிறதா? மகரந்தம் அதற்குள் பூட்டிக் கிடக்கிறது. வாசல் நுனியில் உள்ள சின்னத் துளைதான். கூட்டுத் தேனீக்கு அதை உலுக்கத் தெரியாது. நம் நீல வளையக்காரிக்குத் தெரியும். பூவைக் கட்டிப்பிடித்தாள், இறக்கையை மடக்கினாள், மார்புத் தசையை மட்டும் அதிரவிட்டாள். 'ங்ங்ங்...' பொலபொலவென்று மஞ்சள் பொடி! ஃபிளாஷ் மின்னுகிறது. அடடா, திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வயிற்று மயிரில் மகரந்தம், பச்சை கலந்த கண்ணில் கொல்லையே தெரிகிறது!

கருவண்டும் இதே வித்தையைச் செய்யும். அதையும் படம் எடுத்துவிட வேண்டும்.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிகாலையில் எழுந்தாலே போதும். கத்திரி பூத்திருக்கும் நாளில் மருந்தும் அடிக்காதீர்கள். மாட்டுக் கொட்டகை மண்சுவரில் துளை கண்டால் பூசி அடைத்துவிடாதீர்கள். நம் நீல வளையத் தேனீ அங்கேயும் கூடு கட்டும்.