ஐம்பது ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

ஆமத்தூரிலிருந்து ஓர் அம்மா, பட்டாசு ஆலை வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணியில் இறங்கி, மகன் போனில் ஏற்றிக் கொடுத்த செயலியில் ஆட்டோ புக் பண்ணுகிறார். சொன்ன நேரத்தில் வண்டி வராவிட்டால் பணம் தருவோம் என்கிறது விளம்பரம். வண்டியும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம்தான் முடிந்துபோனது. அன்றைய கூலியும் போச்சு.

"அம்பது ரூபாய்க்கு யாருங்க கோர்ட்டு, கச்சேரின்னு அலையிறது?" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஒருவருக்கு அது 50 ரூபாய். அதே போல லட்சம் பேர் விட்டுவிட்டால் 50 லட்சம் ரூபாய்!

புகார்கள் சேர்ந்தால் என்ன நடக்கும்?

"5 நிமிடத்தில் ஆட்டோ அல்லது ரூ.50" என்று ராபிடோ நிறுவனம் விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை விசாரித்தது. கொடுத்தது ரொக்கம் அல்ல, 'ராபிடோ காயின்' என்பது தெரிந்தது. அதுவும் ரூ.50 'வரை' மட்டுமே. பைக் பயணத்துக்குத்தான் செல்லும், 7 நாளில் காலாவதி. இந்த நிபந்தனைகள் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தன.

2025 ஆகஸ்டில் ஆணையம் அந்த நிறுவனத்துக்கு ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. சலுகையைப் பயன்படுத்தியும் ரூ.50 கிடைக்காத அனைவருக்கும் முழுத் தொகையையும் திருப்பித் தர உத்தரவிட்டது. அந்த நிறுவனம் மீது தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் 2024 ஜூன் முதல் 2025 ஜூலை வரை பதிவான புகார்கள் 1,224. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் போன் எடுத்துச் சொன்னதுதான்.

இதற்கு முன், 2024 அக்டோபரில் ஓலா நிறுவனத்துக்கும் ஓர் உத்தரவு வந்தது. பணத்தைத் திருப்பித் தரும்போது கூப்பனாக மட்டும் கொடுக்கக் கூடாது; கூப்பன் வேண்டுமா, வங்கிக் கணக்கில் வேண்டுமா என்று பயணியே தேர்வு செய்யலாம் என்றது அது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடியும். 'பாதுகாப்புக் கட்டணம்' வசூலித்த வழக்கில், 2016-ல் ஊபர் நிறுவனம் சுமார் 2.5 கோடி பயணிகளுக்காக 2.85 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தலைக்கு ஒரு டாலர் சொச்சம்தான்! நம் நாட்டில் வழி வேறு, செலவும் குறைவு.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஆதாரம்: விளம்பரம், புக் பண்ணிய நேரம், பயண எண், கட்டண ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

2. நிறுவனத்திடம் புகார்: செயலியிலேயே எழுதுங்கள். அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி.

3. 1915: தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண். தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பலாம்.

4. கலெக்டர் ஆபீஸ்: ஏமாற்று விளம்பரம் போலப் பலரையும் பாதிக்கும் விஷயமானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-ன்படி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் புகார் தரலாம். விருதுநகரில் திங்கட்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம்.

5. நுகர்வோர் ஆணையம்: உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். நம் மாவட்ட ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பயணம் மதுரையில் நடந்தாலும், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

பத்துப் பேர் சேர்ந்து போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஒரே குறையால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் வழக்குத் தொடுக்க, அதே சட்டத்தின் பிரிவு 35(1)(இ) வழி செய்கிறது. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் உங்களுக்காகப் போடலாம். நீங்கள் அதில் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எல்லோருடைய குறையும் ஒன்றுதான் என்பதை மனுவில் தெளிவாகக் காட்ட வேண்டும். ஒருவருக்கு வண்டி வரவில்லை, இன்னொருவருக்குக் கூடுதல் கட்டணம் என்றால் அது ஒரே குறை ஆகாது. பெங்களூரு அடுக்குமாடி வீடுகள் தொடர்பான பிரிகேட் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. அங்கே எல்லோருக்குமான வழக்காக ஏற்கவில்லை; வந்தவர்கள் மட்டும் சேர்ந்து போட்ட கூட்டு மனுவாக நடத்த அனுமதித்தது.

உஷார்!

"உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது கூப்பிட்டால் உடனே போனை வையுங்கள். பணம் *வாங்குவதற்கு* யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். "நான் வாங்கித் தர்றேன், கமிஷன் குடுங்க" என்பவர்களும் வேண்டாம். மேலே சொன்ன எந்த வேலைக்கும் இடைத்தரகர் தேவையில்லை.

புகார் கொடுத்த அன்றே பணம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பதிவு செய்யும் புகார் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்குக் கூடும்போதுதான், புகார் செய்யத் தெரியாத அடுத்த வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து நியாயம் கிடைக்கிறது. அடுத்த முறை வண்டி வராவிட்டால், முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்து 1915-ஐ அழுத்துங்கள்.